இருநூற்றுப் பன்னிரண்டு பேர்

நாலு மணிக்கே இருட்டிவிட்டது. ஜனவரி.
மலைக்கு அந்தப் பக்கம் கம்பி அறுந்ததாம்.
துறைமுக அலுவலகத்தில்
மேசைக்கடியில் முனகும் பேட்டரி
பதினொரு நிமிடம் என்கிறது.

செல்போன் கோபுரமும் போய்விட்டால்
யார் எண்ணும் யார் தலையிலும் இல்லை.
"பேப்பர்ல எடுத்து வை, ஹால்வெய்க்" என்று கத்திவிட்டு
படகுகளை இறுக்கிக் கட்டப் போனான் பிர்கிர்,
கதவைச் சாத்தாமல்.

என் ஆட்களெல்லாம் ஒரு பழைய நிரலில் இருக்கிறார்கள்.
படம் கிடையாது, பொத்தான் கிடையாது.
கறுப்புத் திரையில் ஒரு கோடு மினுக்கும்,
என்ன வேண்டும் என்றுகூடக் கேட்காது.
சொன்னால் செய்யும். தப்பாய்ச் சொன்னாலும் செய்யும்.
அதனால்தான் எனக்கு அதைப் பிடிக்கும்.

அச்சிடு என்றேன்.
மதகு திறந்தாற்போல் மொத்தப் பேரும்
திரையில் ஓடி மேலே மறைந்தார்கள்.
அச்சுப்பொறியின் பெயரைச் சொல்ல மறந்திருந்தேன்.
ஒன்பது நிமிடம்.
மறுபடி, பெயரோடு.
கிரீச்சென்று தலையை இடவலம் ஆட்டி
புள்ளி புள்ளியாய் எழுதத் தொடங்கியது கிழட்டுப் பெட்டி.

ஐஸ்லாந்தில் ஆளைச் சொந்தப் பெயரால்தான் தேடுவோம்.
பின்னால் வருவது அப்பாவின் பெயர்,
இன்னாருக்கு மகன், இன்னாருக்கு மகள், அவ்வளவே.
நிரலை எழுதியவன் வேறு நாட்டுக்காரன்.
எல்லோரையும் அப்பன்மார் பெயரில் அடுக்கிவிட்டான்.
மீன் கம்பெனி மேலாளரும் பல் டாக்டரும்
ஒரு வயிற்றுப் பிள்ளைகள்போல் அடுத்தடுத்து.
இரண்டு ஹெர்மன்கள் அவர்களுக்கு.

எழுத்தும் சேதம்.
எங்கள் ஓ-வின் தலையில் சிலநேரம் ஒரு கீற்று இருக்கும்.
பொறிக்கு அது பிடிபடவில்லை,
கேள்விக்குறி போட்டுக் கடந்துவிட்டது.
மகள் என்ற சொல்லில் அந்த ஓ உண்டு.
மகனில் கிடையாது.
மகன்கள் பெரும்பாலும் முழுசாய் இறங்குகிறார்கள்.
மகள் ஒவ்வொருத்திக்கும் வயிற்றில் ஒரு கேள்வி,
மேயருக்கு, மருத்துவச்சி ராக்னாவுக்கு,
எனக்கு.

இறந்தவர் என்றொரு பத்தி நிரலில் இல்லை.
போன கோடையில் போன ஸ்வாவா
எண்ணோடு வந்து உட்கார்ந்தாள்.
அடித்துவிட மனசில்லை. நேரமும் இல்லை.

கெ வரிசை.
கெடில்லின் மகள் ஹால்வெய்க்.
நேர் கீழே, ஒரு பழுதும் இல்லாமல்,
கெடில்லின் மகன் ஒட்கெய்ர்.
எதிரே எண் இல்லை.
அப்பாவின் படகை அவன் விற்ற வருடம் எண்ணை அழித்தேன்.
பெயரை அழிக்கத் தனிக் கட்டளை வேண்டும்.
அதை நான் தட்டவில்லை.
மறதி என்றுதான் இத்தனை நாள் சொல்லிக்கொண்டிருந்தேன்.

மூன்று நிமிடம் மீதி என்று காட்டியபடியே
பேட்டரி செத்தது.
இருநூற்றுப் பன்னிரண்டில் இருநூற்று நாலு பேர்
காகிதத்துக்கு வந்துசேர்ந்திருந்தார்கள்.

பிர்கிர் திரும்பினான், மீசையில் பனி.
டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு
தாள்களைச் சுவரில் குத்தினான்.
விரலை ஓட்டி வந்தவன் என் வரிக்குக் கீழே நின்றான்.
காதிடுக்குப் பென்சிலை எடுத்து
ஏழு இலக்கம் எழுதினான், எங்கும் பார்க்காமல்.
"பனி தள்ளுற வண்டி அவன்கிட்டதானே இருக்கு."
வேறொன்றும் சொல்லவில்லை.

அன்றிரவு வண்டி யாருக்கும் தேவைப்படவில்லை.

மின்சாரம் வியாழக்கிழமை வந்தது.
அந்த வரிக்கு எண் இல்லை என்றுதான்
நிரல் இன்னும் சொல்கிறது.
சுவரில் தாள் ஈரத்தில் சுருங்கி
நாலாவது இலக்கம் ஒன்றா ஏழா தெரியவில்லை.
பிர்கிரைக் கேட்டிருக்கலாம்.

முதலில் ஏழு போட்டேன்.
யாரோ ஒரு பெண் எடுத்தாள்,
பின்னால் குழந்தை அழுதுகொண்டிருந்தது.
மன்னிக்கச் சொல்லி வைத்துவிட்டேன்.

இனி மிச்சம் ஒன்று.